ஐஸ் பெட்டியின் காலில் பச்சைப் பொட்டு

“செருப்பு தரையோட ஒட்டிக்கிச்சு அண்ணி. நான் வர்றேன், அது வரமாட்டேங்குது,” என்றான் கொழுந்தன்.

“நேத்து ராத்திரி கொட்டின பீர். இருநூறு பேர் ஆடின இடம் பின்னே எப்படி இருக்கும்? செருப்பு வரலைன்னா பரவாயில்லை, வாயை மட்டும் கொஞ்சம் மூடிக்கிட்டு வா,” என்றாள் அண்ணி.

நடக்கிற காரியமா அது? முப்பத்து நான்கு வயதுக்குள் மூன்று வேலைகளில் இருந்தவன் அவன். மூன்றையும் காலி செய்தது அந்த வாய்தான். கடைசியில் அண்ணன் மனைவியிடமே உதவியாளனாக வந்து சேர்ந்தான். அண்ணியின் துப்பறியும் மூளையைப் பற்றி அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமாகி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே, அவன் ரகசியமாகக் காப்பாற்றி வந்த சிகரெட் பெட்டியைப் பழைய ரேடியோவுக்குள்ளிருந்து எடுத்து வந்து, “இது யாரோடது?” என்று கூடத்தில் அப்பா முன்னாலேயே கேட்டவள் அவள். அன்றைக்கு விட்ட சிகரெட்டை அவன் இன்றுவரை தொடவில்லை.

பகல் மூன்று மணி. பாரில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜைகளின் மேல் ஏற்றியிருந்தார்கள். ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்கள். ஒன்றின் வாயில் கிழிசல் விழுந்து, அதன்மேல் யாரோ கைக்காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார்கள்.

கல்லாவுக்குப் பின்னால் பார் முதலாளி கையில் சுத்தியலோடு, தலையணை அளவு ஐஸ் பாறை ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தார். மேடை விளிம்பில், பல் டாக்டரின் உதவியாளர்கள் போடுகிற வெள்ளைக் கோட்டோடு, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் பாடகி. பகலில் பல், ராத்திரியில் பாட்டு. அண்ணியைத் தேடிக்கொண்டு காலையில் வந்தவள்.

“காலையில பாதி சொன்னே, பாதி அழுதே. இப்ப முழுசா சொல்லு,” என்றாள் அண்ணி.

“நேத்து நாலு பேண்டு. ரெண்டாவதா மொட்டையோட புது பேண்டு. மூணாவது நாங்க. எட்டரைக்கு எங்க முறை வந்துச்சு. பின் ரூம்ல ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல தரையில என் பையை வெச்சுட்டு மேடை ஏறினேன். பைக்குள்ள பாட்டு நோட்டு. முப்பத்தஞ்சு நிமிஷம் பாடிட்டுத் திரும்பி வந்தா பை இருக்கு. நோட்டு இல்லை.”

“மொட்டைங்கிறது?”

“என் தம்பி.” அந்தச் சொல்லைக் கசப்பு மாத்திரையைத் துப்புவது போல் துப்பினாள். “வெல்டிங் பட்டறையில வேலை. டிரம்ஸ் வாசிப்பான். ரெண்டு வாரம் முன்னாடி வரைக்கும் எங்க பேண்டுலதான் இருந்தான்.”

“மொட்டைன்னா காரணப் பேரா, கூப்பிடற பேரா?” என்றான் கொழுந்தன்.

“தலையில ஒத்த முடி கிடையாது. பத்து வருஷமா தானே வழிச்சுக்குவான். அவன்தான் எடுத்தான். முதலாளியே பார்த்திருக்காரு, கேளுங்க.”

முதலாளி சுத்தியலை நிறுத்தினார். “பார்த்தேன்மா. இந்தப் பொண்ணு பாடி முடிச்ச கையோட, அந்தப் பையன் பின்கதவு வழியா ஓடினான். சட்டைக்குள்ள எதையோ கட்டிப் பிடிச்சிருந்தான். நேத்து என்ன புழுக்கம், இங்க எல்லாரும் வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கறோம். அவன் மட்டும் பல்லு கிட்டிக்கிற மாதிரி நடுங்கிக்கிட்டே போறான். பயம். திருடினவனுக்கு வர்ற பயம்.” மறுபடியும் ஒரு போடு போட்டார். “எல்லாம் என் தலையெழுத்து. துண்டு துண்டா வெச்ச ஐஸ் எல்லாம் காலையில பார்த்தா ஒரே பாறையா கிடக்குது.”

“அதோட விடலை. ராத்திரி நான் வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போய் என் ஹேர் டிரையரையும் தூக்கிட்டுப் போயிட்டான். போனை அணைச்சு வெச்சிருக்கான். இன்னும் வீடு வரலை,” என்றாள் பாடகி.

“நோட்டுல என்ன இருக்கு?”

“பதினோரு பாட்டு. நாலு வருஷத்துல நான் எழுதினது. இன்னிக்கு ஆறு மணிக்கு ஸ்டுடியோவுல பதிவு. ஏழு மாசம் காத்திருந்து கிடைச்ச நாள். இன்னிக்கு விட்டா அடுத்து எப்பன்னு அந்த ஸ்டுடியோக்காரருக்கே தெரியாது.”

“உங்க பாட்டு உங்களுக்கே மனப்பாடம் இல்லையா?” என்று கேட்டான் கொழுந்தன்.

“எனக்கு ஞாபகம்ங்கிறது சல்லடை. அன்னன்னிக்குப் பாடறதை மட்டும் ஒரு தாள்ல எழுதி, மேடையில காலடியில ஒட்டிக்குவேன். நேத்து ஒட்டினது அஞ்சு பாட்டு. அதையும் கூட்டத்துல மிதிச்சுக் கிழிச்சுட்டாங்க.”

“போன்ல படம் எடுத்து வெச்சிருக்கலாமே.”

“வெச்சிருந்தேன். ஒரு தடவை போன் தொலைஞ்சுது. ஒரே மாசத்துல என் பாட்டை வேற ஒரு பேண்டு மேடையில பாடிச்சு. அதுலேருந்து காகிதம் மட்டும்தான்.” அவள் எழுந்து நின்றாள். “இப்ப புது பேண்டுக்காரங்களுக்குக் கொடுக்கத்தான் எடுத்திருக்கான். நான் முடிவு பண்ணிட்டேன். நோட்டு கிடைச்சா ஆறு மணிக்கு ஸ்டுடியோ. கிடைக்கலைன்னா ஆறு மணிக்கு போலீஸ் ஸ்டேஷன். கூடப் பிறந்தவன்னு பார்க்க மாட்டேன். அம்மா காலைப் பிடிக்காத குறையா அழுதாங்க, அதனாலதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்.”

பேச்சு என்னமோ வீராப்பாகத்தான் இருந்தது. ஆனால் முகவாய் நடுங்கியதைக் கொழுந்தன் பார்த்தான். அவனுக்கும் ஒரு அண்ணன் உண்டு. சொத்துத் தகராறுகூட இல்லை, ஒரு பழைய சைக்கிளுக்காக எட்டு மாதம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் அவர்கள். இந்த வகைச் சண்டையில் முதல் வாரத்தை விட்டால் பிறகு பிடிக்கவே முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

“எதுக்குப் பிரிஞ்சீங்க?” என்றாள் அண்ணி.

“இந்த பார்ல என் குரல் கேக்காது. எப்பப் பார்த்தாலும் ஸ்பீக்கர்ல ங்ங்ங்னு ஒரு இரைச்சல். அதுக்கு மேல இவன் அடி. பாட்டு முடிஞ்சு கீழ வந்தா, ‘டிரம்ஸ் பிரமாதம், நீங்க என்னமோ வாயசைச்சீங்களே’ம்பாங்க. ரெண்டு வாரம் முன்னாடி பொறுக்கலை. ‘என் பாட்டைக் காதுல வாங்கினாத்தானேடா மெதுவா அடிப்பே. நாலு வருஷமா வாசிக்கிறியே, என் பாட்டுல ஒரு வரி சொல்லு பார்க்கலாம்’னு எல்லார் முன்னாலயும் கேட்டேன். பேந்தப் பேந்த முழிச்சான். குச்சியைக் கீழ வெச்சுட்டுப் போனான். மறுநாளே வேற பேண்டு.”

அண்ணி கையை நீட்டினாள். “அந்தப் பையைக் காட்டு.”

முரட்டுத் துணிப் பை. அண்ணி அதைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கத்தை முகர்ந்து பார்த்தாள். கொழுந்தன் முகத்தைச் சுளித்தான். சுளிக்கத்தான் அவனுக்குச் சம்பளம் என்று அண்ணி சொல்வாள்.

“அடியில தண்ணி ஏறின கறை. பீர் வாடை இல்லை. வெறும் தண்ணி,” என்றாள். “நீ திரும்பி வந்தப்போ இது எங்க இருந்துச்சு?”

“ஆணியில மாட்டியிருந்துச்சு.”

“தரையில வெச்சேன்னியே.”

பாடகி பையை எட்டிப் பார்த்தாள். “ஆமா. தரையிலதான் வெச்சேன்.”

“ரொம்ப அடக்க ஒடுக்கமான திருடன் அண்ணி,” என்றான் கொழுந்தன். “திருடின வீட்டைப் பெருக்கிக் கோலம் போட்டுட்டுப் போகாத குறை.”

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. உளறலில் ஒரு மணி அரிசி கிடைக்கும்போது பார்க்கிற பார்வை. அதற்கு ஆசைப்பட்டுத்தான் அவன் உளறுவதே.

அந்த நேரம் பார்த்து, தோளில் வயர் சுருள்களை மாலை மாலையாகப் போட்டுக்கொண்டு சவுண்டுக்காரர் உள்ளே வந்தார். பாரின் ஸ்பீக்கர், மைக் எல்லாம் அவர் பொறுப்பு. ஊரில் பாதிப் பேர் அவரைச் செவிடர் என்றுதான் கூப்பிடுவார்கள்; அவர் காதில் அது நன்றாகவே விழும்.

மேடைமேல் ஏறிய கொழுந்தன் குனிந்து பார்த்தான். தரையில் வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று சின்னச் சின்ன டேப் துண்டுகள். “மேடைக்கு எதுக்குங்க பொட்டு வெச்சு விட்டிருக்கீங்க?”

“நான் வெக்கலைங்க. டிரம்மருங்க வெக்கறது,” என்றார் சவுண்டுக்காரர். “இங்க இருக்கறது ஒரே ஒரு டிரம் செட். நாலு பேரும் மாத்தி மாத்தி வாசிக்கணும். ஒவ்வொருத்தனுக்கும் கை நீளம் வேற, கால் நீளம் வேற. அவனவன் அளவுக்கு நகர்த்தி வெச்சுக்கிட்டு, ஸ்டாண்டோட கால் நிக்கற இடத்துல டேப் ஒட்டிக்குவான். அடுத்த தடவை கண்ணை மூடிக்கிட்டு அதே இடத்துல வெச்சுடலாம். விரல்கடை நகர்ந்தாலும் அவனுங்களுக்குக் கை வராது. ஆளுக்கு ஒரு கலர். பச்சை நம்ம மொட்டையோடது.”

பாடகி எழுந்து வந்து, செருப்பு முனையால் ஒரு பச்சைத் துண்டைச் சுரண்டினாள். அது வரவில்லை.

“நேத்து சவுண்டு எப்படி இருந்துச்சு?” என்று அண்ணி கேட்டாள்.

சவுண்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். “மூணாவது பேண்டுக்கு மட்டும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இந்தப் பொண்ணு பாடின ஒவ்வொரு சொல்லும் கடைசி மேஜை வரைக்கும் போச்சு. ஒரே ஒரு திருகல்தான் திருகினேன். அனுபவம்னு ஒண்ணு இருக்கில்லைங்களா.”

“ஆமாங்க, நேத்துதான் முதல் தடவையா கைதட்டினாங்க,” என்றாள் பாடகி. அதைச் சொல்லும்போது அவள் கோபத்தை ஒரு நிமிஷம் மறந்துவிட்டாள். “எங்க கிதார்காரரோட மனைவி நாலு பேண்டையும் போன்ல பிடிச்சு அனுப்பியிருக்காங்க. ஆனா பாட்டு வார்த்தையெல்லாம் அதுல இல்லை. எங்க பேண்டு வரப்போ அவங்க வீட்டுக்காரரை மட்டும்தான் எடுத்தாங்க, நான் பாடறதுக்கு முன்னாடி பாதி, முடிச்சப்புறம் பாதி.”

“பரவாயில்லை, போடு.”

எல்லாரும் போனைச் சுற்றிக் குனிந்தார்கள். முதல் பேண்டு: ங்ங்ங். இரண்டாவது: ங்ங்ங். மூன்றாவது பேண்டின் கிதார்காரர் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தார், அப்போதும் ங்ங்ங். திடீரென்று, யாரோ வாயைப் பொத்தியது போல, இரைச்சல் நின்றது. பாடகி ‘வணக்கம்’ என்றது தெள்ளத் தெளிவாகக் கேட்டது. அத்தோடு படம் முடிந்தது. அடுத்தது அவள் ‘நன்றி’ சொல்லிவிட்டு இறங்குகிற இடம். அவள் கடைசிப் படியில் கால் வைத்ததும் மறுபடியும் ங்ங்ங்.

“மூணாவது பேண்டு வந்தப்புறம் திருகினது சரி. அவங்க போனதும் எதுக்கு மறுபடியும் திருகிக் கெடுத்தீங்க?” என்றாள் அண்ணி.

சவுண்டுக்காரர் தோளில் கிடந்த வயர் சுருளைச் சரிசெய்தார்.

“ஸ்பீக்கரைப் போடுங்க. நேத்து திருகினதை இப்ப ஒரு தடவை திருகிக் காட்டுங்க.”

போட்டார். ங்ங்ங் என்று அறை நிறைந்தது. அவர் எல்லாத் திருகையும் இடமும் வலமுமாகத் திருகினார். வேர்வை வந்தது, இரைச்சல் போகவில்லை. கடைசியில் கையை எடுத்துவிட்டுச் சின்னக் குரலில் சொன்னார். “சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலைம்மா. தானா நின்னுச்சு. பதினாலு வருஷத்துல முதல் தடவையா எல்லாரும் பாராட்டினாங்க. விட மனசு வரலை.”

அண்ணி அதற்குச் சிரிக்கவில்லை. “போகட்டும் விடுங்க. கொழுந்தனாரே, பின் ரூமுக்குப் போய் அந்த ஐஸ் பெட்டியோட பிளக்கைப் பிடுங்குங்க.”

‘கொழுந்தனாரே’ என்று மரியாதை வந்தால் முதுகுக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். அவன் போனான்.

பின் ரூம் ஒரு குளியலறை அளவுதான். பாதியை அந்த ஐஸ் பெட்டியே அடைத்துக்கொண்டிருந்தது. சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு கிழட்டு ஃபிரீசர். மூடி ரப்பர் கிழிந்து தொங்கியது. பிளக் அதற்குப் பின்னால், சுவரோடு. கை நுழையவில்லை. பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்து மூச்சைப் பிடித்து இழுத்தான். பெட்டி ஒரு முழம் வந்தது. அதன் அடித்தட்டில் தேங்கியிருந்த தண்ணீரும் கூடவே வந்தது. ஒரு குடம் இருக்கும். பனிக்கட்டி போன்ற தண்ணீர் அவன் செருப்பு, பேண்ட், முழங்கால் வரை நனைத்துத் தரையெல்லாம் ஓடியது.

அவன் பிளக்கைப் பிடுங்கினான். வெளியே ங்ங்ங் நின்றது.

“அண்ணி, நின்னுடுச்சா?”

“நின்னுச்சு,” என்றாள் அண்ணி, வாசலில் நின்றபடி. அவளுக்குப் பின்னால் மற்ற மூவரும். “எல்லாம் ஒரே கரண்டு லைன். பெட்டி ஓடினா ஸ்பீக்கர் கத்தும்.”

“அந்த மொட்டைப் பையன் மூணு தடவை சொன்னான்,” என்றார் முதலாளி, காதைச் சொறிந்துகொண்டு. “பாட்டு நேரத்துல மட்டும் நிறுத்துங்கன்னு. நான்தான் பெட்டியைத் தொட்டா கையை உடைப்பேன்னேன். பாட்டு இல்லாம பார் நடக்கும், ஐஸ் இல்லாம நடக்குமா?”

“நேத்து முப்பத்தஞ்சு நிமிஷம் நின்னிருக்கு. அதான் உங்க துண்டு ஐஸ் எல்லாம் கசிஞ்சு, மறுபடி உறைஞ்சு ஒரே பாறையாச்சு. சரி, பெட்டியைப் பழையபடி தள்ளு.”

“நடுங்குது அண்ணி. பல்லு கிட்டிக்குது,” என்று சொல்லிக்கொண்டே கொழுந்தன் பிளக்கைச் சொருகிப் பெட்டியைத் தள்ளினான். தள்ளியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “பழையபடின்னா எப்படி? எங்க இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?” பிறகு குரல் மாறியது. “அண்ணி. இங்க பாருங்க.”

ஐஸ் பெட்டியின் முன்கால்கள் இரண்டுக்கும் அருகில், ஈரத்தில் பளபளத்துக்கொண்டு, தரையில் இரண்டு டேப் துண்டுகள். பச்சை.

“பெட்டியை நகர்த்தினது முதலாளிக்குத் தெரியக் கூடாது,” என்றாள் அண்ணி மெதுவாக. “எடுத்த இடத்துலயே வெக்கணும். வேற யாரா இருந்தாலும் குத்துமதிப்பா தள்ளிட்டுப் போயிருப்பாங்க. டிரம்மர் கை சும்மா இருக்குமா? கால் நின்ன இடத்துல டேப்பை ஒட்டிட்டுத்தான் நகர்த்தியிருக்கு.”

“அப்போ அவன்தான். அவனேதான்,” என்றாள் பாடகி. சொன்னதும் அழுதுவிட்டாள். இத்தனை நேரம் அவன்தான் என்று அடித்துச் சொன்னவள், உண்மையிலேயே அவன்தான் என்று ஆனதும் தாங்கமாட்டாமல் அழுதாள். “நான் பாடின நேரம் பூரா இந்த ரூம்ல இருந்திருக்கான். எனக்கு சவுண்டு நல்லா வந்துச்சுன்னு நான் மயங்கிக் கிடந்தப்போ, இங்க என் நோட்டை...” கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். “நான் ஸ்டேஷனுக்குப் பேசறேன்.”

“ஆறு மணின்னு சொன்னே. இப்ப நாலரைதான் ஆகுது. சொன்ன சொல் சொன்னபடி இருக்கட்டும்,” என்றாள் அண்ணி. “அதுக்குள்ள எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. பத்து வருஷமா தலையில முடியே இல்லாதவன், உன் ஹேர் டிரையரை எதுக்கு எடுத்துட்டுப் போனான்?”

கொழுந்தன் தன் நனைந்த பேண்டைப் பிழிந்துகொண்டிருந்தான். பிழிந்த கை பாதியில் நின்றது.

“அண்ணி,” என்றான்.

“ம். வண்டியை எடு. பட்டறைக்குப் போலாம்.”

பட்டறைக்கு அன்று விடுமுறை. ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. உள்ளேயிருந்து ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் விடாமல் வந்தது. அண்ணி குனிந்து நுழைந்தாள். பாடகியும் நுழைந்தாள். கடைசியாகக் கொழுந்தன், ஷட்டரில் தலையை இடித்துக்கொண்டு.

இரும்புக் கம்பிகளுக்கு மேலே, சுவருக்குச் சுவர் ஒரு வயர் கட்டியிருந்தது. அதில் வெல்டிங் கிளிப்புகளில் வரிசையாகக் காகிதங்கள். ஒவ்வொன்றிலும் நீல மை வழிந்து, எழுத்து எது கறை எது என்று தெரியாமல் கிடந்தது. மூலையில் அவன் சொந்த டிரம் செட். கீழே ஒரு ஸ்டூலில், மொட்டைத் தலையும் தூக்கமில்லாத கண்ணுமாக ஒருவன். இடது கையில் ஹேர் டிரையர். வலது கையில் பேனா. முன்னால் ஒரு புது நோட்டு.

அக்காவைப் பார்த்ததும் டிரையரை அணைத்தான். பட்டறை நிசப்தமானது.

பாடகி வயரில் தொங்கிய ஒரு தாளைப் பிடித்துப் பார்த்தாள். நாலு வருஷத்துப் பாட்டு. நாலு சொல்கூடப் படிக்க முடியவில்லை. “என்னடா பண்ணி வெச்சிருக்கே,” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று கொழுந்தனுக்குத் தோன்றியது.

“திருடலை. நனைச்சுட்டேன்,” என்றான் தம்பி. “பெட்டியை இழுத்தப்போ தண்ணி கொட்டுச்சு. உன் பை கீழ இருக்கறதை நான் பார்க்கலை.”

“முப்பத்தஞ்சு நிமிஷம் அங்கதானே நின்னே? ஒரு தடவைகூடக் கீழ பார்க்கலையா?”

“பாட்டு கேட்டுக்கிட்டிருந்தேன்.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “யாராவது வந்து சொருகிடுவாங்களோன்னு பிளக்கைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு, கதவு இடுக்குல நின்னேன். இத்தனை நாள் உன் பின்னால உட்கார்ந்து வாசிச்சிருக்கேன். முன்னால வர்ற சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நேத்துதான் கேட்டேன். நீ இறங்கினப்புறம் சொருகிட்டுக் கீழ பார்த்தா, பை தண்ணியில நிக்குது. எனக்கு உயிரே போச்சு. பையை ஆணியில மாட்டிட்டு நோட்டைச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு ஓடி வந்துட்டேன்.”

“எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“என்னன்னு சொல்றது? உனக்கு நல்லது பண்றேன்னு உன் நோட்டையே கெடுத்துட்டேன்னா?” அவன் புது நோட்டை நகர்த்தினான். “ஆறு மணிக்குள்ள எழுதி முடிச்சு ஸ்டுடியோ வாசல்ல வெச்சுட்டுப் போயிடலாம்னு பார்த்தேன்.”

அவள் நோட்டை எடுத்தாள். கோழி கிளறியது போன்ற கையெழுத்து. முதல் பாட்டு, முழுசாக. இரண்டாவது, முழுசாக. அவள் பக்கங்களைப் புரட்டப் புரட்டக் கொழுந்தன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

*கதவைத் தட்டாமல் வந்த மழை*
*காலைக் கழுவிவிட்டுப் போனது*

“இந்தப் பாட்டை நான் மேடையில பாடினதே இல்லையே,” என்றாள் பாடகி.

“துணி மடிக்கிறப்போ பாடுவே.”

“இது என்ன, வரிக்கு நடுவுல அங்கங்க சுழி போட்டிருக்கே?”

“நீ மூச்சு வாங்கற இடம். அங்க நான் அடிக்க மாட்டேன்.”

நாலு வருஷமாக அந்த இடங்களில் குச்சி விழுந்ததே இல்லை என்பதை அவள் அந்த நிமிஷம்தான் உணர்ந்தாள் போலிருக்கிறது. ஸ்டூல் பக்கத்தில் இருந்த இரும்புப் பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். “அப்புறம் ஏண்டா அன்னிக்கு ஒரு வரி சொல்லுன்னதுக்கு ஊமை மாதிரி நின்னே?”

“எந்தப் பாட்டுன்னு நீ சொல்லலையே. பதினொண்ணும் ஒண்ணா வாயில வந்து நின்னுச்சு. எதைச் சொல்றது?” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அதோட, நீ எனக்குப் பாட்டே தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வலிச்சுது.”

“எனக்கும்தாண்டா வலிச்சுது,” என்றாள் அவள். “நான் சொன்னது தப்பு. உன்னைத் திருடன்னு ஊர் பூரா சொன்னேன். பெரிய தப்பு.”

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே இரண்டுமே ஆடிக்கொண்டிருந்தன. கொழுந்தன் ஷட்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தலையில் இடித்த இடத்தை வேண்டுமென்றே தேய்த்தான். அந்தப் பழைய சைக்கிள் இப்போது அண்ணனிடம்தான் இருக்கிறது. சாயந்திரம் போய் அதைத் துடைத்து வைத்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது.

“மணி அஞ்சேகால்,” என்றாள் அண்ணி. “பத்துப் பாட்டு முழுசா இருக்கு. பதினொண்ணாவது?”

“கடைசி நாலு வரி வரலைங்க,” என்றான் தம்பி. “அதை இவ ஒரே ஒரு தடவைதான் எங்க முன்னால பாடியிருக்கா.”

“எனக்கும் வரலை,” என்றாள் பாடகி. அவள் முகம் மறுபடி விழுந்தது.

தம்பி யோசித்தான். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மேஜைத் தகரத்தின்மேல் விரல்களால் தட்ட ஆரம்பித்தான். மெதுவாக. தட்டி, ஓரிடத்தில் நிறுத்தினான். மூச்சு வாங்குகிற இடம். மறுபடி தட்டினான். இரண்டாவது சுற்றில் அவள் உதடு அசைந்தது. மூன்றாவது சுற்றில் முதல் வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது. கடைசி வரி வரும்போது அவள் பாடிக்கொண்டே எழுதினாள், எழுதிக்கொண்டே அழுதாள். ஸ்பீக்கர் இல்லை, மைக் இல்லை. பட்டறை மூலை வரைக்கும் கேட்டது.

“கேஸ் முடிஞ்சுது,” என்றான் கொழுந்தன் அண்ணியிடம் கிசுகிசுப்பாக. “குற்றவாளி யாருன்னு எழுதட்டும்?”

“ஐஸ் பெட்டின்னு எழுது. நீ போய் அந்த டிரம்மையெல்லாம் வண்டியில ஏத்து.”

“என் முதுகு...”

“கொழுந்தனாரே.”

அவன் ஏற்றினான். பெரிய டிரம்மைத் தொப்பைமேல் சாய்த்துக்கொண்டு ஷட்டருக்கு அடியில் குனிந்தபோது, உள்ளே அக்கா தம்பியிடம் கேட்பது காதில் விழுந்தது.

“பச்சை டேப் மிச்சம் இருக்கா?”

“ஒரு முழு உருண்டை இருக்கு. எதுக்கு?”

“எடுத்துக்கோ. ஸ்டுடியோவுல எனக்குப் பின்னால உன் இடத்தை அளந்து ஒட்டணும்ல.”